சோனி ஏ7 மார்க் 4 மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக

2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ7 மார்க் 4, போட்டோவும் வீடியோவும் ஒரே பாடியில் எடுப்பவர்களை நினைத்துச் செய்த கேமரா. 33 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார், 10 பிட் வீடியோ, இரண்டு கார்டு ஸ்லாட். காலையில் முகூர்த்தத்துக்குப் போட்டோ, மாலையில் ரிசப்ஷனுக்கு வீடியோ என்று ஓட்டுகிறவர்கள் பலர் கையில் இதுதான் இருக்கிறது. அதில் வரும் புகார்களில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பதுபோல, ஒருவர் வைத்த சாமானை இன்னொருவர் நகர்த்திவிடுகிறார்.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, மோடு டயலுக்கு அடியில் இருக்கும் வளையம். அது ஸ்டில், மூவி, எஸ் அண்ட் க்யூ (ஸ்லோ மோஷனுக்கும் வேக ஓட்டத்துக்குமான மோடு) ஆகிய மூன்றில் எதில் இருந்தபோது பிரச்சனை வந்தது? இதற்குப் பதில் தெரிந்தால் தேடும் இடம் பாதியாகக் குறையும். கீழே மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கும் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

போட்டோ எல்லாம் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது, ஐஎஸ்ஓ 100க்கு இறங்க மறுக்கிறது

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடியோவுக்காக வைத்த எஸ்-லாக்3 பிக்சர் புரொஃபைல் (பின்னால் எடிட்டில் நிறம் ஏற்றுவதற்காகப் படத்தை வெளிறப் பதியும் அமைப்பு) போட்டோவிலும் உட்கார்ந்துவிட்டது. எஸ்-லாக்3-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 800. அதனால்தான் 100 கிடைப்பதில்லை.

உடனடித் தீர்வு, வளையத்தை ஸ்டில்லுக்குத் திருப்பி, பிக்சர் புரொஃபைலை ஆஃப் செய்வது. நிரந்தரத் தீர்வு 'செட்டப்' பகுதியில், 'ஆபரேஷன் கஸ்டமைஸ்' என்பதற்குள் இருக்கிறது. அதன் பெயர் 'டிஃபரன்ட் செட் ஃபார் ஸ்டில்/மூவி'. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், பிக்சர் புரொஃபைல், ஃபோகஸ் மோடு என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் வரும். டிக் செய்த அமைப்பு போட்டோவுக்குத் தனி, வீடியோவுக்குத் தனி என்று பிரிந்துவிடும். என்னைக் கேட்டால் அத்தனையையும் பிரித்துவிடுங்கள். அப்பர்ச்சரைப் பொதுவாக வைத்தால் வசதி என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் தனியாக வேலை செய்கிறவர்கள். கேமரா கை மாறும் இடத்தில் அது உதவாது.

ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு என்ன செய்வது? ரா ஃபைல் இருந்தால் கவலை இல்லை, நிறம் எடிட்டில் திரும்பிவிடும். ஜேபெக் மட்டும்தான் என்றால் கான்ட்ராஸ்ட் ஏற்றிச் சமாளிக்கலாம். ஆனால் 8 பிட் ஃபைல் அவ்வளவு இழுப்பைத் தாங்காது. வானமும் வெளுத்த சுவரும் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

வீடியோ வெட்டி வெட்டி ஓடுகிறது, ஆள் நடந்தால் துள்ளுகிறது

இது மேலே சொன்னதன் மறுபக்கம். போட்டோவுக்கு வைத்த 1/500 ஷட்டர் வீடியோவுக்கும் வந்துவிட்டது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50, 50 ஃபிரேம் என்றால் 1/100. வெளிச்சம் அதிகமான இடத்தில் ஷட்டரைக் கூட்டிச் சமாளிக்காமல், லென்ஸ் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். எஸ்-லாக்3-இல் 800-க்குக் கீழே நல்ல ஐஎஸ்ஓ கிடையாது என்பதால், பகல் வெயிலில் என்டி இல்லாமல் லாக் எடுக்க முயல்வது வீண் வேலை.

4கே 50 வைத்ததும் ஃபிரேம் சுருங்கிவிட்டது. 25 ஃபிரேமைக் காணவில்லை

இரண்டும் தனித்தனிப் புகார்களாக வரும், காரணம் ஒரே இடத்தில் இருக்கும்.

இந்த கேமராவில் 4கே 50, 60 ஃபிரேம் இரண்டும் சூப்பர் 35 கிராப்பில் மட்டுமே. சென்சாரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்யும், பார்வைக் கோணம் 1.5 மடங்கு குறுகும். 24 மிமீ லென்ஸ் 36 மிமீ போலத் தெரியும். இதற்கு மெனுவில் மாற்று வழி இல்லை. முழு அகலம் வேண்டுமானால் 24, 25, 30 ஃபிரேம்தான். அதில் 7கே அளவில் படித்துச் சுருக்கித் தருவதால் துல்லியமும் கூடுதல். மண்டபத்தில் பின்னால் போக இடமில்லாத நேரத்தில் 50 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். ஸ்லோ மோஷன் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் 16 மிமீ அல்லது 20 மிமீ லென்ஸ் பையில் இருக்கட்டும்.

இனி, காணாமல்போன 25. ஃபைல் ஃபார்மட்டில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே என்பதைத் தேர்ந்திருப்பீர்கள். 'பால்' முறையில் (50 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) அந்த ஃபார்மட்டுக்கு 50 ஃபிரேம் மட்டுமே உண்டு. எச்எஸ் வைத்த உடனே 50 வந்துவிடும், 50 வந்தவுடன் கிராப்பும் வந்துவிடும். எக்ஸ்ஏவிசி எஸ் 4கே என்று மாற்றினால் 25 திரும்பக் கிடைக்கும், ஃபிரேமும் அகலமாகும்.

இன்னொரு சுருக்கம், கை நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெடி ஷாட்டில் 'ஆக்டிவ்' வைத்தால் வருவது. அது சின்னது, ஓரத்தில் கொஞ்சம் போகும். ட்ரைபாடில் இருக்கும்போது அதை வைத்திருக்கத் தேவையே இல்லை. ஃபோகஸ் மாறும்போது ஃபிரேம் சுருங்கி விரிவதைச் சரிசெய்யும் 'பிரீதிங் காம்பன்சேஷன்' ஆன் செய்திருந்தாலும் ஓரம் சிறிது வெட்டப்படும். அது பொருந்தும் சோனி லென்ஸ்களில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், வேறு கம்பெனி லென்ஸில் அந்த மெனு மங்கிக் கிடந்தால் கவலை வேண்டாம்.

படத்தில் கிடைமட்டமாகப் பட்டைகள், அல்லது வெளிச்சம் மினுமினுக்கிறது

இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழு ஏற்ற இறக்கமும் அடங்கிவிடும், மினுக்கல் தெரியாது. 1/60, 1/125 என்று வைத்தால் தெரியும். கனடாவிலோ அமெரிக்காவிலோ எடுக்கிறீர்கள் என்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ். 1/60, 1/120 என்று யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த பாடியா? அது 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் என்டிஎஸ்சி வீடியோ முறையில் இருக்கலாம். 'செட்டப்' பகுதியில் 'ஏரியா/டேட்' என்பதற்குள் 'என்டிஎஸ்சி/பால் செலக்டர்' இருக்கிறது, மாற்றிவிடுங்கள். சினிமாத்தனம் வேண்டும் என்று 24 ஃபிரேமில்தான் எடுப்பேன் என்பவர்கள் என்டிஎஸ்சியிலேயே இருந்தாக வேண்டும். அவர்கள் ஷட்டரை மட்டும் 1/50-இல் வைத்தால் நம் ஊர் விளக்கிலும் தப்பிக்கலாம்.

போட்டோவில் பட்டை வந்தால் முதலில் சைலண்ட் மோடு ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இந்தச் சென்சார் எலக்ட்ரானிக் ஷட்டரில் மெதுவாகத்தான் படிக்கும். எல்இடி விளக்குக்குக் கீழே பட்டை வரும், வேகமாக அசையும் கை சாயும், சட்டென்று கேமராவைத் திருப்பினால் தூண் வளையும். தாலி கட்டும் நேரத்தில் சத்தம் வரக் கூடாதென்று சைலண்ட் வைக்கிறவர்கள் உண்டு. நாதஸ்வரமும் கெட்டிமேளமும் ஒலிக்கும் நேரத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள். 'ஆன்டி-ஃபிளிக்கர் ஷூட்டிங்' என்ற வசதியும் இருக்கிறது. அது 100, 120 ஹெர்ட்ஸ் மினுக்கலைக் கண்டுபிடித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும். ஷட்டர் ஒரு கணம் தாமதமாக விழலாம். சைலண்ட் மோடிலும் வீடியோவிலும் இது உதவாது.

மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி வால் (பெரிய திரைச் சுவர்) தனிக் கதை. அது 100 ஹெர்ட்ஸில் மினுக்குவதில்லை, அதைவிட மிக வேகமாக. ஷட்டரை 1/50-இலிருந்து ஒவ்வொரு படியாக மாற்றி, பட்டை எதில் அடங்குகிறது என்று மணமக்கள் மேடை ஏறும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குப் பதிலாக நெளிநெளியாக வலைக்கோலம் தெரிந்தால் அது மோயரே. சுவரின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. ஷட்டரை மாற்றிப் பலன் இல்லை. அப்பர்ச்சரைத் திறந்து சுவரை அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆக்குங்கள், அல்லது இரண்டடி நகர்ந்து நில்லுங்கள்.

வீடியோவில் சத்தமே பதிவாகவில்லை

வளையம் எஸ் அண்ட் க்யூவில் இருந்திருக்கும். அந்த மோடில் ஒலி பதிவாகாது. போனது போனதுதான், மீட்க வழியில்லை. ஸ்லோ மோஷனும் வேண்டும் சத்தமும் வேண்டும் என்றால் மூவியில் ஃபுல் எச்டி 100 ஃபிரேம் வைத்து எடுத்து, எடிட்டில் மெதுவாக்குங்கள்.

மூவியில் இருந்தும் சத்தம் இல்லையென்றால் மைக் பின்னைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது போனுக்கான காலர் மைக். கேமராவுக்கு இரண்டு வளையம் உள்ள பின் வேண்டும். மாற்றும் கேபிள் தனியாகக் கிடைக்கும்.

சத்தம் வருகிறது, கூடவே உஸ்ஸென்று இரைச்சலும் வருகிறதா? வயர்லெஸ் ரிசீவரின் அவுட்புட்டைக் கூட்டி, கேமராவின் ரெக்கார்டிங் லெவலைக் குறையுங்கள். பலர் இதைத் தலைகீழாக வைத்திருப்பார்கள். 'விண்ட் நாய்ஸ் ரிடக்ஷன்' உள் மைக்குக்கு மட்டும்தான். வெளி மைக்குக்குப் பஞ்சு உறைதான் வழி. ஹெட்போனில் வாயசைவும் பேச்சும் பொருந்தவில்லை என்றால் 'ஆடியோ அவுட் டைமிங்'-ஐ 'லிப் சிங்க்' என்று மாற்றுங்கள். பதிவில் எந்தக் குறையும் இருக்காது, காதுக்கு வருவதில்தான் வித்தியாசம்.

பதிவு நடுவில் தானாக அணைந்துவிடுகிறது

பேட்டரி இருக்கிறது, கார்டில் இடம் இருக்கிறது, ஆனாலும் அணைகிறது என்றால் சூடு. 'பவர் செட்டிங் ஆப்ஷன்' என்பதற்குள் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சர்' என்று ஒன்று இருக்கும். 'ஸ்டாண்டர்ட்' என்பதிலிருந்து 'ஹை' என்று மாற்றுங்கள். கேமரா வாங்கிய அன்றே மாற்ற வேண்டியது இது. மாற்றும்போது ஓர் எச்சரிக்கை வரும்: பாடி அதிகம் சூடாகும், கையில் பிடிக்காமல் ட்ரைபாடில் வையுங்கள் என்று. அதைக் கேளுங்கள்.

இந்த பாடியில் ஃபேன் கிடையாது. 10 பிட் 4கே 60 ஃபிரேமில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பது சோனி சொன்னது. சித்திரை வெயிலில் நேரடியாக நிற்க வைத்துவிட்டு அதே கணக்கை எதிர்பார்க்க முடியாது. திரையைப் பாடியிலிருந்து வெளியே விரித்து வைப்பது, டேக்குக்கு நடுவில் அணைப்பது, குடை பிடிப்பது எல்லாமே பலன் தரும். நீண்ட கச்சேரி, பட்டிமன்றம் மாதிரி நிகழ்ச்சிக்கு 4கே 25 போதும். சூடும் குறைவு, கார்டும் மிச்சம்.

கார்டு தகராறுகள்

முதல் ஸ்லாட்டில் எஸ்டி கார்டும் போடலாம், சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ-வும் போடலாம். இரண்டாவதில் எஸ்டி மட்டும். கடையில் டைப் பி-யை வாங்கி வந்துவிட்டால் அது உள்ளே போகாது, அழுத்திப் பார்க்க வேண்டாம்.

பதிவு தொடங்கவே மறுத்தால் ஃபார்மட்டைப் பாருங்கள். எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ (XAVC S-I) என்ற ஃபார்மட் 4கே 50 ஃபிரேமில் விநாடிக்கு 500 மெகாபிட் எழுதும். அதற்கு வி90 என்ற வேகக் குறி உள்ள எஸ்டி கார்டு அல்லது சிஎஃப்எக்ஸ்பிரஸ் வேண்டும். எக்ஸ்ஏவிசி எஸ், எச்எஸ் இரண்டுக்கும் வி30 போதும். கல்யாண வேலைக்கு அந்த எஸ்-ஐ ஃபார்மட் தேவையா என்றால், என் கணக்கில் தேவையில்லை.

இமேஜ் டேட்டாபேஸ் சரியில்லை என்று செய்தி வந்தால், அந்தக் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபைல்களை நீக்கியிருப்பீர்கள். 'ரிகவர் இமேஜ் டேட்டாபேஸ்' ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இனிமேல் கார்டைக் காலி செய்ய வேண்டுமென்றால் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

கார்டை காப்பி செய்தேன், வீடியோ ஒன்றுகூட இல்லை

கார்டை உடனே தனியே எடுத்து வையுங்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். போட்டோக்கள் டிசிஐஎம் ஃபோல்டரில் இருக்கும். வீடியோக்கள் அங்கே இருக்காது. பிரைவேட் என்ற ஃபோல்டர், அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப் என்று போக வேண்டும். உதவிக்கு வந்த பையன் டிசிஐஎம்-ஐ மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு கார்டை அழித்துவிடுவது அடிக்கடி நடப்பது. அழித்த பிறகும் கார்டில் எதுவும் புதிதாக எழுதாமல் இருந்தால் ரிகவரி மென்பொருள் ஓரளவு மீட்டுத் தரும். இதற்கு ஒரே நல்ல பழக்கம், கார்டு முழுவதையும் அப்படியே காப்பி செய்வது.

வீடியோ கம்ப்யூட்டரில் திக்கித் திக்கி ஓடுகிறது

ஃபைலில் குறை இல்லை. நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 பதிவைப் பல கிராஃபிக்ஸ் கார்டுகள் நேரடியாக விரிக்காது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவை விரிக்கவே விரிக்காது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. இன்டெலில் 11-ஆம் தலைமுறை முதல் உள்ள உள் கிராஃபிக்ஸ் எச்.265-இன் 4:2:2-ஐ விரிக்கும், அதாவது எச்எஸ் ஃபைலை. ஆப்பிளின் எம்1 முதல் பிரச்சனை இல்லை. பழைய மெஷின் என்றால் பிராக்ஸி ஃபைலோடு (எடிட்டுக்கான சின்ன நகல்) எடிட் செய்யுங்கள். பிராக்ஸி பதிவை ஆன் செய்திருந்தால் கேமராவே பதிவின்போது அதையும் சேர்த்து எழுதும், எம்4ரூட்டுக்குள் சப் என்ற ஃபோல்டரில் கிடைக்கும்.

எஸ்-லாக் வீடியோவில் நிழலெல்லாம் குருணை

வெளிச்சம் குறைவாக எடுத்திருக்கிறீர்கள். லாக் படம் திரையில் வெளிறித் தெரிவதால், ஓவராகிவிட்டது என்று நினைத்துக் கை தானாகக் குறைத்துவிடும். 'காமா டிஸ்ப்ளே அசிஸ்ட்'-ஐ ஆன் செய்தால் திரையில் இயல்பான படம் தெரியும். ஐஎஸ்ஓ 2000, 2500 என்று போவதைவிட 3200-க்கே போய்விடுங்கள். அங்கே சென்சார் வேறு கெய்னுக்கு (சிக்னலைப் பெருக்கும் அளவு) மாறுவதால் குருணை குறைகிறது. எடிட்டரிடம் கலர் கிரேடு செய்ய நேரம் இல்லையென்றால் லாக்கே வேண்டாம். பிக்சர் புரொஃபைல் பட்டியலில் பிபி11-இல் இருக்கும் எஸ்-சினிடோன் தோல் நிறத்தை அழகாகவே தரும்.

ஃபோகஸ் முகத்தை விட்டுவிட்டு அலைகிறது

'ஃபேஸ்/ஐ சப்ஜெக்ட்' என்பதில் பறவையோ விலங்கோ தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். வேடந்தாங்கல் போய் வந்த கேமராவில் இது சகஜம், மனிதருக்கு மாற்றுங்கள். வீடியோவில் யாராவது குறுக்கே போனதும் ஃபோகஸ் அவர்களோடு ஓடினால் 'ஏஎஃப் சப்ஜெக்ட் ஷிஃப்ட் சென்சிடிவிட்டி'-ஐ 2-க்குக் குறையுங்கள். 'ஏஎஃப் டிரான்சிஷன் ஸ்பீடு' 7 வரை போகும். 4 சுற்றி வைத்தால் ஃபோகஸ் மாறுவது கண்ணை உறுத்தாது.

ஃபிளாஷ் அடிக்கவில்லை, அல்லது திரை இருட்டாக இருக்கிறது

அடிக்கவில்லை என்றால் சைலண்ட் மோடு. திரை இருட்டு என்றால், கேமரா நீங்கள் வைத்த எக்ஸ்போஷரை அப்படியே காட்டுகிறது. ஸ்டுடியோ லைட் இன்னும் அடிக்கவில்லை என்பது அதற்குத் தெரியாது. 'லைவ் வியூ டிஸ்ப்ளே' என்பதை 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்' ஆக்குங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் திரும்ப ஆன்.

விநாடிக்கு 10 படம் என்றார்கள், அந்த வேகம் வரவில்லை

ரா வகையை லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு அல்லது அன்கம்ப்ரஸ்டு என்று வைத்திருந்தால் வேகம் 6-க்கு அருகில்தான். கம்ப்ரஸ்டு ராவில் 10 வரும். லென்ஸைப் பொறுத்தும் மாறும்.

எல்இடி வாலில் கேமராவின் ஐகான்கள் எல்லாம் ஓடுகின்றன

'எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே' ஆஃப். வீடியோ மிக்ஸர் படத்தையே எடுக்கவில்லை என்றால் 'எச்டிஎம்ஐ ரெசல்யூஷன்'-ஐ 1080-க்கு இறக்குங்கள். பல மிக்ஸர்கள் 4கே ஏற்பதில்லை.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி அல்லது கோடு

மங்கலான சாம்பல் புள்ளி, எஃப்/11, எஃப்/16-இல் மட்டும் தெரிகிறது என்றால் தூசு. புளோயரால் ஊதுங்கள். கேமரா அணைந்திருக்கும்போது ஷட்டர் மூடியிருக்கும்படி 'ஆன்டி-டஸ்ட் ஃபங்ஷன்'-இல் வைக்கலாம். அப்படி வைத்தால் லென்ஸ் மாற்றும்போது அந்த மெல்லிய தகட்டில் விரல் படக் கூடாது.

சிவப்பாகவோ வெள்ளையாகவோ கூரான ஒற்றைப் புள்ளி, எந்த அப்பர்ச்சரிலும் தெரிகிறது என்றால் ஹாட் பிக்சல். 'செட்டப் ஆப்ஷன்'-இல் 'பிக்சல் மேப்பிங்' ஓட்டுங்கள், போய்விடும்.

படத்தின் குறுக்கே வண்ணக்கோடு, அதன் நடுவில் ஒரு சுட்ட புள்ளி, மேப்பிங் ஓட்டியும் போகவில்லை என்றால் அது லேசர். ரிசப்ஷன் டிஜே மேடையில் சுழலும் லேசர் ஒரு கணம் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் போதும். கண்ணாடி இல்லாத இந்த மிரர்லெஸ் வகையில், கேமரா ஆனில் இருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும், சென்சார் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, சென்சாரையே மாற்ற வேண்டும். லேசர் இருக்கிறதா என்று டிஜேயிடம் முன்பே கேளுங்கள். இருந்தால் அதன் கதிர் போகும் பாதையில் நிற்காதீர்கள்.

ஏசி ஹாலிலிருந்து வெளியே வந்ததும் படம் பனி மூட்டமாக இருக்கிறது

குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரை ஊர்க் காற்றின் ஈரம் படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். வெளியே வரும் முன் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, வெளிச்சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் சென்சார் வரை போய்விடும்.

அணைத்த பாடியை ஆட்டினால் உள்ளே ஏதோ லொடலொடக்கிறது

சென்சார் ஸ்டெபிலைசேஷனுக்காக மிதக்கிறது. இயல்பானது, ஆட்டாதீர்கள்.

எதற்கும் மசியவில்லை

லென்ஸைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். வேறு லென்ஸ், வேறு கார்டு, சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அப்புறம் 'சேவ்/லோட் செட்டிங்ஸ்' மூலம் உங்கள் அமைப்புகளைக் கார்டில் சேமித்துவிட்டு, 'செட்டிங் ரீசெட்'-இல் முதலில் 'கேமரா செட்டிங்ஸ் ரீசெட்', அதற்கும் அடங்காவிட்டால் 'இனிஷியலைஸ்'. ரீசெட்டுக்குப் பின் கோளாறு போய்விட்டால் சேமித்த அமைப்பை உடனே திரும்ப ஏற்றாதீர்கள், கோளாறும் அதிலேயே இருக்கலாம்.

அப்படியும் தொடர்ந்தால் சர்வீஸ் சென்டர்தான். கோளாறு தெரியும் ஒரு படமோ சிறு கிளிப்போ பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மோடு, எந்த ஃபார்மட், எந்த லென்ஸ் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கார்டு, பேட்டரி, ஸ்ட்ராப் மூன்றையும் கழற்றிவிட்டு பாடியை மட்டும் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.